இலையில் இரண்டு வட்டம் வரைந்து பாருங்கள்

சீனப் புத்தாண்டுக்குக் கைமாறும் மாண்டரின் ஆரஞ்சு, உணவகத்தில் நாம் கேட்டு வாங்கும் லிமாவ் ஐஸ், தோம் யாமில் மிதக்கும் லிமாவ் பூருட் இலை, அம்மா போடும் எலுமிச்சை ஊறுகாய், தம்பூன் சாலையோரக் கடைகளில் தொங்கும் பொமலோ. இவை எல்லாம் சிட்ரஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்து மரங்களை உலகின் பல நாடுகளில் ஒரு நோய் கொன்று வருகிறது. அந்த நோயைப் பரப்புவது அரிசிமணியைவிடச் சிறிய ஒரு பூச்சி.

நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாவர நோயியல் படிக்கும் இறுதியாண்டு மாணவி. என் ஆய்வேடு இந்த நோயைப் பற்றியது. "மரத்துக்கு வரும் காய்ச்சலைத் தெரிந்துகொண்டு நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?" என்று ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் தம்பி கேட்டான். நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்ன பிறகுதான் காது கொடுத்தான். அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

மஞ்சள் கிளை நோய்

இந்த நோயின் அனைத்துலகப் பெயர் ஹுவாங்லாங்பிங். சுருக்கமாக எச்.எல்.பி. உங்கள் சீன நண்பரிடம் கேட்டால் 'மஞ்சள் டிராகன் நோய்' என்று மொழிபெயர்ப்பார். தென்சீனாவின் சாவ்சான் வட்டார விவசாயிகள் 'லாங்' என்று சொன்னது தளிர்க்கிளையை. பச்சை மரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர் அது. பழத்தின் அடிப்பகுதி பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடுவதால் 'சிட்ரஸ் கிரீனிங்' என்றும் அழைக்கிறார்கள்.

மண்ணில் சத்துக் குறைவு, வேரில் நீர் தேக்கம் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. நோயுள்ள கிளையை நல்ல மரத்தில் ஒட்டுக்கட்டினால் நோய் தொற்றுகிறது என்ற முடிவை 1956இல் சீன அறிவியலாளர் லின் கோங்சியாங் வெளியிட்டார். 1967இல் இந்தியாவில் கபூர், ராவ், விஸ்வநாத் ஆகிய மூவரும், ஆசிய சிட்ரஸ் சைலிட் என்ற பூச்சி இதைப் பரப்புகிறது என்று காட்டினார்கள். 1970இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக மரத்தின் திசுவுக்குள் அந்த நுண்ணுயிரைப் பார்த்தார்கள். 1994இல் அதற்குப் பெயர் கிடைத்தது: கேண்டிடேட்டஸ் லிபெரிபாக்டர் ஆசியாட்டிகஸ்.

பெயரின் முதல் சொல்லைக் கவனியுங்கள். 'கேண்டிடேட்டஸ்' என்றால் வேட்பாளர். ஒரு பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் தனியாக வளர்த்துக் காட்டினால்தான் அதற்கு முழுமையான அறிவியல் பெயர் தருவார்கள். இந்தப் பாக்டீரியாவோ மரத்துக்குள்ளும் பூச்சிக்குள்ளும் வாழ்கிறதே தவிர, தட்டில் தனியாக வளர மறுக்கிறது. தட்டில் வளராத பாக்டீரியா மீது மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை உயிரியல் மாணவர்கள் உணர்வீர்கள்.

மரத்துக்குள் என்ன நடக்கிறது?

எஸ்பிஎம் உயிரியல் பாடத்தில் புளோயம் பற்றிப் படித்திருப்பீர்கள். இலை தயாரிக்கும் சர்க்கரையை வேருக்கும் பழத்துக்கும் கொண்டுபோகும் குழாய் அது. இந்தப் பாக்டீரியா குடியிருப்பது அந்தக் குழாயில்தான். தொற்று வந்ததும் மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கேலோஸ் என்ற பொருளால் குழாயின் துளைகளை அடைக்கிறது. இதனால் சர்க்கரையின் பாதையும் அடைபட்டுப்போகிறது. மரம் காட்டும் அளவுக்கு மீறிய எதிர்ப்பே அதன் திசுக்களைக் கொல்கிறது என்று ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் விளக்கினார்கள்.

இலையில் தயாரான சர்க்கரை வெளியேற முடியாமல் மாவுச்சத்தாகக் குவிகிறது. அந்த நெரிசலில் பசுங்கணிகங்கள் சிதைந்து இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது. இலை நிறைய உணவு இருந்தும் வேர் பட்டினி கிடக்கிறது. பழம் சிறுத்து ஒரு பக்கம் கோணிப்போகிறது, விதை கறுத்துச் சுருங்குகிறது, சாறு கசக்கிறது. பிஞ்சிலேயே உதிர்வதும் அதிகம். சில ஆண்டுகளில் மரம் பயனற்றுப்போகிறது. இந்தப் பழத்தைச் சாப்பிடும் மனிதருக்கு ஒரு தீங்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சைலிட் பூச்சியை 1998இல் கண்டார்கள். நோய் 2005இல் உறுதியானது. 2003-04 பருவத்தில் அங்கு விளைந்த ஆரஞ்சு 24 கோடி 20 லட்சம் பெட்டிகள். ஒரு பெட்டி ஏறக்குறைய 41 கிலோ. 2022-23 பருவத்தில் கிடைத்தது 1 கோடி 60 லட்சம் பெட்டிகளுக்கும் குறைவு. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் பெரிய காரணம் இந்த நோய்தான். உலகிலேயே அதிக ஆரஞ்சுச் சாறு ஏற்றுமதி செய்யும் பிரேசிலில் நோய் 2004இல் தெரிந்தது. அங்குள்ள முதன்மையான ஆரஞ்சு வட்டாரத்தில் 2024இல் எடுத்த கணக்குப்படி 100 மரங்களில் ஏறக்குறைய 44 மரங்களில் அறிகுறி இருந்தது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. மலேசியாவின் நிலைமை கவலை தருகிறது என்று உள்ளூர் ஆய்வாளர்கள் 1990ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

தலையைக் குனிந்து வாலைத் தூக்கும் பூச்சி

ஆசிய சிட்ரஸ் சைலிட்டின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். சிறகில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். உட்காரும் விதம்தான் இதன் அடையாளம். தலையை இலையோடு ஒட்டி, பின்புறத்தை ஏறக்குறைய 45 பாகை கோணத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். தரையில் அடித்த ஆணி சாய்ந்து நிற்பதுபோல் இருக்கும்.

இது முட்டையிடுவது இளந்தளிரில் மட்டுமே. ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் 800 முட்டைகள் வரை இடக்கூடும். முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சிகள் தளிரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வெள்ளை மெழுகு நூல்களை வெளிவிடும். தளிரில் சுருள்சுருளாக வெள்ளை நூல் தெரிந்தால் உற்றுப் பாருங்கள். நோயுள்ள தளிரில் வளரும் இளம்பூச்சி பாக்டீரியாவை ஏற்றுக்கொண்டால், வளர்ந்து பறக்கும்போதும் அதைச் சுமந்துகொண்டே போகும், சாகும்வரை பரப்பும்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. நோய்ப்பூச்சி வந்து உறிஞ்சிய இளந்தளிர், 15 நாளுக்குள் அடுத்த தலைமுறைப் பூச்சிகளுக்கு நோயைக் கொடுக்கத் தயாராகிவிடுகிறது என்று அது காட்டியது. அந்த மரத்தில் நம் கண்ணுக்கு அறிகுறி தெரிய மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஆக, பார்வைக்கு நல்ல மரமாக நிற்கும்போதே அது அக்கம்பக்கத்துக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நோயை வெல்வது கடினமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த இடைவெளிதான்.

கண்டறியும் வழிகள்

முதல் கருவி ஒரு பேனா. சந்தேகமான இலையில் நடு நரம்புக்கு இடப்பக்கம் ஒரு வட்டம் வரையுங்கள். வலப்பக்கம் அதற்கு நேர் எதிரே அதே அளவில் இன்னொரு வட்டம் வரையுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒரே மாதிரி இருந்தால், பெரும்பாலும் அது துத்தநாகம் போன்ற சத்துக் குறைவு. சத்துக் குறைவு இலையின் இரு பாதியையும் ஒரே மாதிரி தாக்கும். ஒரு வட்டம் பச்சையாகவும் மறு வட்டம் மஞ்சளாகவும் இருந்தால் எச்.எல்.பி.யைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் வேர் பட்டினி கிடப்பதால் நோயுற்ற மரத்தில் சத்துக் குறைவும் சேர்ந்தே தெரியும். அதனால் ஓர் இலையை வைத்து முடிவெடுக்காமல் பல இலைகளைப் பாருங்கள்.

இரண்டாவது கருவி பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் அயோடின் கரைசல். இலைக்குள் மாவுச்சத்து குவிகிறது என்று பார்த்தோம் அல்லவா? சந்தேக இலையை உப்புத்தாளால் தேய்த்து, அந்தத் தாளைச் சிறிது தண்ணீரில் அலசி, அதில் அயோடின் சொட்டு விடுங்கள். மாவுச்சத்து மிகுந்திருந்தால் நீர் கருமையாகும். ஆசியாவின் சில நாடுகளில் தோட்டங்களிலேயே இதைச் செய்கிறார்கள். நல்ல இலையிலும் ஓரளவு மாவுச்சத்து உண்டு. கிளை நெரிபட்டாலும் அது கூடும். எனவே நலமான மரத்து இலையையும் கூடவே சோதித்து ஒப்பிடுங்கள். இது சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் சோதனை மட்டுமே.

உறுதி செய்வது பிசிஆர். கோவிட் காலத்தில் மூக்கில் எடுத்த மாதிரியை எப்படிச் சோதித்தார்களோ அதே அடிப்படைதான். இங்கே எடுப்பது இலைக்காம்பும் நடு நரம்பும். நான் ஆய்வகத்தில் கற்ற முதல் பாடம், மாதிரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே. பாக்டீரியா மரம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. கிழக்குக் கிளையில் இருக்கும், மேற்குக் கிளையில் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் இலை பறித்தால், நோயுள்ள மரத்துக்கும் 'நோயில்லை' என்று முடிவு வரலாம்.

இயந்திரத்தை முந்திய மூக்கும் உண்டு. அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் பயிற்சி கொடுத்த நாய்கள், தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே நோயுள்ள மரத்தை மோப்பம் பிடித்தன. 2020இல் வெளியான அந்த ஆய்வில் அவற்றின் துல்லியம் 99 விழுக்காட்டுக்கு மேல். நோயுள்ள மரத்தைக் கண்டால் அதன் அருகில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாமாவின் 60 மரங்கள்

ஆய்வகத்தில் ஓர் எண்ணாகத் தெரியும் முடிவு, தோட்டக்காரருக்கு என்ன பொருள் தருகிறது என்பதை என் தாய்மாமாவிடம் கற்றேன். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் பேராக்கில் வீட்டை ஒட்டிய நிலத்தில் 60 மாண்டரின் மரங்கள் வளர்க்கிறார். மருந்துச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் அந்தப் பழம்தான் கைகொடுக்கிறது. சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"சத்து பத்தலைன்னு உரக்கடையில சொன்னாங்க மா. ரெண்டு தடவை தெளிச்சுப் பார்த்துட்டேன். மத்த மரமெல்லாம் நல்லா இருக்கு. மூலையில உள்ளது மட்டும் அப்படியே நிக்குது."

"மாமா, ஒரு இலையைப் பறிச்சு நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் பாருங்க. ஒரே மாதிரி இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்ல மா. ஒரு பக்கம் மட்டும் திட்டுத்திட்டா இருக்கு."

ஒன்பது மரங்களிலிருந்து மாதிரி எடுத்தோம். ஐந்தில் நோய் உறுதியானது. அந்த ஐந்தும் பிஞ்சோடு நின்றன. "காய்க்கிற மரத்தை எப்படி மா வெட்டுறது? இன்னும் ரெண்டு வருஷம் காய்க்கும்ல?" என்றார். காய்க்கும் என்பது உண்மை. அந்த இரண்டு வருடமும் மீதி 55 மரங்களுக்கும் நோயைக் கொடுத்துக்கொண்டே நிற்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சொன்னேன். அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஆள் வைத்து வெட்டினார்.

வெட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் பூச்சிக்கொல்லி தெளித்துச் சைலிட்டுகளைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மரம் சாயும்போது அவை அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும். வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் துளிரிலும் பாக்டீரியா இருக்கும்.

அந்த மூலையில் இருந்தவை பின்னாளில் சாலையோர வியாபாரி ஒருவரிடம் மலிவாக வாங்கிய கன்றுகள். நோய் அவற்றோடு வந்ததா, பூச்சி கொண்டுவந்ததா என்று இனி நிரூபிக்க வழியில்லை. வேலிக்கு அப்பால் பாக் சிக் ஒருவர் வீட்டில் கெமுனிங் வேலி செழித்திருந்தது. அதன் தளிர்களில் சைலிட் இளம்பூச்சிகள் நிறைய இருந்தன. மாமா அவரிடம் போய்ப் பேசினார். இருவரும் ஒரே நாளில் வேலியைக் கத்தரித்து, ஒரே நாளில் மருந்து தெளித்தார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது மேலும் இரண்டு மரங்களில் நோய் இருந்தது. அவற்றையும் எடுத்தாயிற்று. 53 மரங்கள் நிற்கின்றன.

மூன்று கால் முக்காலி

நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. ஃபுளோரிடாவில் 2022 முதல் மரத்தண்டில் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஊசி மூலம் செலுத்த அனுமதி இருக்கிறது. அது நோயை அடக்கி வைக்கிறது; முற்றாக ஒழிப்பதில்லை. அதனால் மேலாண்மை மூன்று வேலைகளில் நிற்கிறது.

முதலாவது, நோயற்ற கன்று. பூச்சி நுழையாத வலைக்கூடத்தில், சோதித்த தாய்மரத்தின் மொட்டைக் கொண்டு ஒட்டிய கன்றையே வாங்க வேண்டும். இரண்டாவது, பூச்சிக் கட்டுப்பாடு. தளிர் விடும் காலத்தில் கண்காணிப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, தேவைக்கேற்ப மருந்தை மாற்றி மாற்றித் தெளிப்பது. ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் பூச்சி பழகிவிடும். மூன்றாவது, நோயுற்ற மரத்தை உடனே அகற்றுவது. முக்காலியில் ஒரு கால் உடைந்தாலும் போதும், உட்கார முடியாது.

பூச்சிக்கு இயற்கையில் எதிரியும் உண்டு. தமாரிக்ஸியா என்ற நுண்குளவி சைலிட் இளம்பூச்சியின் அடியில் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு சைலிட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வெளியிலிருந்தே அதைத் தின்றுவிடும். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் 1970களில் இந்தக் குளவி நல்ல பலன் தந்தது. கலிஃபோர்னியாவுக்கு 2011இல் பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து கொண்டுபோனார்கள். குளவியால் பூச்சி குறையும். ஆனால் ஏற்கெனவே நோயுற்ற மரம் பக்கத்தில் இருந்தால் மிஞ்சிய சில பூச்சிகளே போதும்.

வியட்நாமின் மெகோங் கழிமுகத்தில் சிட்ரஸுக்கு இடையே கொய்யா நட்ட விவசாயிகள், பூச்சி குறைவதைக் கவனித்தார்கள். கொய்யா இலையின் மணம் சைலிட்டைக் குழப்புவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதே முறை ஃபுளோரிடாவில் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. ஓரிடத்தின் தீர்வை இன்னோரிடத்தில் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கறிவேப்பிலையை வெட்டாதீர்கள்

இனி என் தம்பி காத்திருந்த பகுதி. கறிவேப்பிலை சிட்ரஸுக்கு உறவுச்செடி. அதன் கொழுந்தில் சைலிட் முட்டையிட்டு வளரும். ஆனால் பிரேசிலில் செய்த சோதனைகளில் பாக்டீரியா கறிவேப்பிலைக்குள் நிலைகொள்ளவில்லை. எனவே அது நோயின் இருப்பிடம் ஆகாது. பூச்சியின் வளர்ப்பிடம் ஆகலாம். கலிஃபோர்னியாவில் பூச்சி உள்ள பகுதிகளிலிருந்து கறிவேப்பிலைச் செடியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருப்பது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் அரிவாளை எடுக்க வேண்டாம். செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒருமுறை கொழுந்தைப் பாருங்கள். வெள்ளை நூலோடு இளம்பூச்சி இருந்தால் அந்தக் கொழுந்தைக் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். ஊருக்குப் போகும்போது லிமாவ் கன்றையோ கறிவேப்பிலைச் செடியையோ காரில் ஏற்றி உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அன்போடு கொடுக்கும் அந்தச் செடியில் பூச்சியும் பயணம் செய்யும். கொடுக்குமுன் தளிரைச் சோதியுங்கள். சந்தேகம் என்றால் கொடுக்காதீர்கள்.

அறிவியல் மன்றத்தில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. பள்ளியைச் சுற்றியுள்ள எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரி, கெமுனிங், கறிவேப்பிலைச் செடிகளை வரைபடத்தில் குறியுங்கள். ஒரு வெள்ளைத்தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, குச்சியால் மூன்று முறை தட்டி, விழும் சைலிட்டுகளை எண்ணுங்கள். தோட்டங்களில் நிபுணர்களும் இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். மாதம் ஒருமுறை செய்தால், மழைக்குப் பின் தளிர் வரும்போது எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று உங்கள் சொந்தத் தரவிலேயே பார்க்கலாம். நோய்க்கான அறிகுறி தெரிந்தால், இலையைப் படம் எடுத்து வட்டார விவசாய இலாகாவிடம் காட்டுங்கள். இலையைப் பையில் போட்டு ஊர் ஊராகச் சுமக்க வேண்டாம்.

இந்தத் துறையில் விடை தெரியாத கேள்விகள் நிறைய இருக்கின்றன. பாக்டீரியாவைத் தட்டில் வளர்ப்பது எப்படி? அறிகுறி தெரியும் முன்பே மலிவாகக் கண்டறிவது எப்படி? ஆஸ்திரேலியாவின் விரல் எலுமிச்சை நோயைத் தாங்கி நிற்கிறதே, அந்தத் திறனை நம் மரங்களுக்குக் கொண்டுவர முடியுமா? உயிரியல், வேதியியல், கணினி என்று எந்தப் பிரிவைப் படிப்பவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. கணினி படிப்பவர்கள், இலையின் படத்தைக் கொண்டே நோயையும் சத்துக் குறைவையும் பிரித்துச் சொல்லும் செயலியை முயன்று பார்க்கலாம்.

அதற்கெல்லாம் முன்பாக, இன்று மாலை ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வாசலில் உள்ள எலுமிச்சை மரத்துக்குப் போங்கள். இரண்டு வட்டமும் ஒரே நிறத்தில் இருந்தால் நிம்மதி. அடுத்த மாதமும் ஒருமுறை பாருங்கள். வேலிக்கு அப்பால் மரம் வைத்திருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.